எழுபது சதவீதக் கை

ஒரு மனிதனின் சம்மதம் அந்த ஐப்பசியில் நானூற்றிருபது ரூபாய்க்குப் போனது. நான் ஐந்நூறு கேட்டேன். எட்வின் முந்நூற்றைம்பதில் ஆரம்பித்தான். இரண்டாவது டீ ஆறுவதற்குள் நானூற்றிருபதில் வந்து நின்றது. பேப்பரும் மையும் அவன் செலவு. இருநூறுக்கு மேல் எடுத்தால் தள்ளுபடி உண்டா என்று கேட்டான். கதவுக்கு உண்டு, சம்மதத்துக்குக் கிடையாது என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

கோவில்பட்டியில் எனக்குக் கதவு செதுக்கும் பட்டறை. நாலடிக்கு எட்டடி சி.என்.சி. ரவுட்டர் ஒன்று. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் தாமரைக் கொடியோ மயிலோ தேக்கில் தானாகக் குடைந்து தரும். ஊர் முழுக்க இரும்புக் கதவுக்கு மாறிய பிறகு மிஷின் வாரத்தில் நாலு நாள் தூங்கியது. அந்தச் சமயத்தில்தான் எட்வின் வந்தான். முப்பது வயது, சலவைச் சட்டை, எதையும் தொடுவதற்கு முன்னால் கைக்குட்டையால் துடைக்கிற பழக்கம்.

"உங்க மிஷின்ல வெட்டுற பிட்டைக் கழட்டிட்டு ஒரு பேனாவை மாட்ட முடியுமா அண்ணாச்சி?"

"மாட்டலாம். என்ன வரையணும்?"

"கை," என்றான்.

சட்டம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். செத்தவர் வீடியோவில் வந்து சொத்தை மாற்றி எழுதினார். மகள் குரலில் யாரோ அழுது அப்பாவிடம் பணம் பறித்தார்கள். கட்டைவிரல் ரேகையை வீட்டிலேயே அச்சடித்தார்கள். முகம், குரல், ரேகை எல்லாம் போலியாகிவிடவே, அரசாங்கம் பேப்பருக்கும் பேனாவுக்கும் திரும்பியது. ஒவ்வொருவரும் தாலுகா ஆபீசுக்குப் போய் ஒரு பக்கம் கைப்பட எழுதிப் பதிய வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஒரு படம் வரையலாம், எந்தப் படமானாலும் சரி. அதன் பிறகு எதற்கும் சம்மதமோ மறுப்போ, அதே கையால் புதிதாக எழுதியோ வரைந்தோ கொடுத்தால்தான் செல்லும். அதைச் சோதிக்கிற கருவிக்கு அரசாணையில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஜனங்கள் வைத்த பெயர் கைப்பெட்டி.

கைப்பெட்டி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. வடிவத்தை யாரும் காப்பி அடித்துவிடலாம். பேனா எங்கே அழுந்துகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே நடுங்குகிறது என்பதைத் தடவிப் பார்த்து ஒரு எண் சொல்லும். எழுபதும் அதற்கு மேலும் வந்தால் நீங்கள் நீங்கள்தான். அறுபத்தொன்பது என்றால் வேறு யாரோ.

பருத்திக் கமிஷன் கடைகளில் வாய்ப்பேச்சில் இலட்சங்களை முடித்தவர்கள் நாங்கள். இப்போது கால் மூட்டைக்கும் பேப்பர் நீட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு லாரி டிரைவருக்கு விபத்தில் வலது கை நசுங்கியது. ஆபரேஷனுக்குக் கைப்படச் சம்மதம் கேட்டார்கள். அவர் இடது கையால் எழுதினார். இருபத்திரண்டு சதவீதம். பெண்டாட்டி எழுதித் தரலாமென்று மேலிடத்து உத்தரவு வந்து சேர்ந்தபோது, அவர் வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

எட்வினிடம் இருந்தது பதிவேட்டிலிருந்து கசிந்த கைகள். ஒவ்வொரு கோட்டின் அழுத்தமும் வேகமும் எண்களாக. பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும்தான்.

மிஷினை ஓட்டுவது வடிவு. பதினோரு வருடமாக அவள்தான். மிஷினுக்கு நான் முதலாளி, அவள் வைத்தியர். பேனாவை நேராக, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் மாட்டி முதல் பேப்பரைப் போட்டாள். மர வேலைக்கு எழுதிய ஃபைல் என்பதால் ஸ்பிண்டிலைச் சுழற்றச் சொல்லும் வரி அதில் அப்படியே இருந்தது. அதை எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பேனா நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுச் சுற்றியது. மை என் வேட்டியில் ஆரம்பித்து எட்வின் சட்டை வழியாக உத்தரத்தில் போய் முடிந்தது.

"சம்மதம் வீடு பூரா தெளிச்சாச்சு. யாருக்கு வேணுமோ சுரண்டி எடுத்துக்கிடுங்க," என்றாள் வடிவு.

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இந்த முறை பேனா பேப்பரைக் கிழித்துக்கொண்டு போனது.

"கதவு மாதிரி வெறைச்சுக்கிட்டு நின்னா கிழியத்தான் செய்யும் அண்ணாச்சி. மனுசக் கை எப்பவும் கொஞ்சம் விட்டுக் குடுக்கும்."

"எவ்வளவு விடணும்?"

"அது ஆளைப் பொறுத்து."

மெடிக்கலில் பத்து மில்லி சிரிஞ்சுகளும் சைக்கிள் கடையில் ஸ்போக்ஸ் கம்பியும் வாங்கி வந்தாள். சிரிஞ்சின் குழாய்க்குள் பேனா ஏறி இறங்கும். மேலே ஸ்போக்ஸ் கம்பியில் கோத்த பேனா ஸ்பிரிங் ஒன்று. பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ரப்பர் செருப்பிலிருந்து அறுத்த மூன்று துண்டுகள். புதுச் செருப்பு இளவட்டக் கைக்கு, தேய்ந்த செருப்பு வயசான கைக்கு. நடுக்கம் அதிகமுள்ள கைக்கு ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிவிட்டாள். இப்படி ஒவ்வொரு பேனாப்பிடியாகச் செய்து, எந்தெந்த எண்ணுக்கு எது என்று சீட்டு ஒட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். பெரும்பாலான கைகள் முப்பத்தெட்டுப் பிடிகளில் அடங்கிவிட்டன. சில முரட்டுக் கைகள் தனிப் பிடி கேட்டன. சுவரைப் பார்த்தால் ஒரு ஊரே கையை நீட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

எட்வின் ஒரு திருட்டுக் கைப்பெட்டி கொண்டுவந்திருந்தான். முதல் பன்னிரண்டு பேப்பரும் எண்பதைத் தாண்டின. கட்டி வைக்கும்போதுதான் வடிவு ஒன்றை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, "இதென்ன கொடி?" என்றாள்.

எழுத்துக்கு அடியில் மங்கலாக ஒரு தாமரைக் கொடி தெரிந்தது. பன்னிரண்டிலும் அதே இடத்தில், அதே வளைவு. மிஷின் மேசையில் ஒரு அடிப்பலகை கிடக்கும். கதவு குடையும்போது பிட் ஆழம் தப்பினால் அந்தப் பலகையில் வெட்டு விழும். அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போதெல்லாம் பேனா லேசாக இறங்கி ஏறியிருக்கிறது.

எட்வினுக்கு முகம் வெளுத்தது. "கைப்பெட்டிக்கு இது தெரியலையே?"

"பெட்டி கோட்டை மட்டும்தான் பாக்கும் தம்பி. நாம தாளைப் பாக்கணும். சாய்ச்சு டார்ச் அடிச்சாப் போதும். எல்லாப் பேப்பர்லயும் ஒரே எடத்துல ஒரே பள்ளம். எந்த மனுசன் அப்படி எழுதுவான்? மிஷின்தான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிரலாம்."

தொழில் தெரிந்தவன் என்கிற பெருமையில் விளக்கமாகவே சொன்னேன். ஆறு மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றை அடியில் போடச் சொன்னேன். பன்னிரண்டையும் மறுபடி ஓட்டினோம், கொடி மறைந்தது. எட்வின் அந்தப் பழைய பேப்பரில் ஒன்றை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். என் கடையில் காசு வாங்காமல் வெளியே போன சரக்கு அது ஒன்றுதான்.

நூற்றெண்பது பேப்பர் முடிந்த நாளில் வடிவு மிஷினை நிறுத்தினாள். திரையில் ஒரு கோழி பாதி வரைந்து நின்றது.

"இந்தக் கோழி எங்க அக்கா போட்டது."

"கோழி யாரும் போடலாம் வடிவு."

"வால்ல தொடங்கிக் கோழி போடுற ஆளு எங்க பொன்னுத்தாய் அக்கா ஒருத்திதான். சின்னப்பிள்ளையில இருந்து அப்படித்தான். ஏன்னு கேட்டா, தலை போட்ட உடனே அது ஓடிரும்பா." சொல்லிவிட்டுப் பிடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அக்காவின் கைக்கென்று தனியாகச் செய்த பிடி. தீப்பெட்டி ஆபீசில் இருபது வருடம் குச்சி அடுக்கிய கை. தொட்டதும் தொடாததுமாகப் போகும். "குருவிநத்தத்துக்காரங்க கைதான் இதெல்லாம். எதுக்குச் சம்மதம் கேக்காக?"

எனக்குத் தெரியும். எட்வினை அனுப்பிய கம்பெனி கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கப் பெரிய கட்டடம் கட்டப் போகிறது. சூடு தணிக்கத் தண்ணீர் வேண்டும். குருவிநத்தத்தில் ஆயிரத்தைந்நூறு அடியில் பதினாறு போர்க் கிணறு. நிலத்துக்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் சம்மதித்தால் போடலாம்.

அவளிடம் அதைச் சொன்னேன். "அக்காவுக்கு அரை ஏக்கர்," என்றாள். "கனகாம்பரம் போட்டிருக்கா. கெணத்துல இப்பவே இருபதடிதான் தண்ணி." பிடியை டூல்ஸ் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு, "நான் போடமாட்டேன் அண்ணாச்சி."

பேரம் என் ரத்தத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் எனக்கு வழி தெரிந்துவிட்டது. "உங்க அக்கா பேப்பரை விட்டுருவோம். இருநூத்திப் பதினொன்னு குடுப்போம். நீ ஊர்ல போய்ச் சொல்லு. ஆளுக்கொரு மறுப்பு எழுதிக் குடுக்கட்டும். பின்னாடி குடுத்த பேப்பருக்குத்தான் மதிப்பு, சட்டத்துலயே இருக்கு. எட்வினுக்கு அவன் கேட்டது கெடைக்கும், ஊருக்குத் தண்ணி கெடைக்கும், நமக்கும் கூலி வரும். யாருக்கு நட்டம்?"

வடிவு என்னையே பார்த்தாள். "நெசமாவா சொல்லுதீங்க?"

"பேப்பர் வேணும்னா ரெண்டு கட்டு எடுத்துட்டுப் போ. பேனாவும் எடுத்துக்க."

அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். மீதி முப்பத்தொரு பேப்பரை அவள் முடித்துக் கொடுத்தாள். எட்வின் கட்டுகளோடு சுவரிலிருந்த பிடிகளையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போனான். மறுபடி தேவைப்படுமாம். பொன்னுத்தாயின் பிடி மட்டும் வடிவின் டூல்ஸ் பெட்டியில் தங்கிவிட்டது.

கார்த்திகை கடைசியில் தாலுகா ஆபீசில் விசாரணை. கைப்பதிவு அதிகாரி ஒரு அம்மா. தூக்கம் குறைந்த கண்களும் நிறைய நிதானமும் கொண்டவர். ஒரு பக்கம் இருநூற்றுப் பதினொரு சம்மதம், இன்னொரு பக்கம் இருநூற்று நாலு மறுப்பு. இரண்டு கட்டும் கைப்பெட்டிக்குள் போய் வந்தன. சம்மதத்தில் எண்பதுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. மறுப்பில் எழுபத்திரண்டும் எழுபத்தைந்துமாக இருந்தன, ஆனாலும் தேறிவிட்டன. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் வடிவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

எட்வின் மறுப்புக் கட்டில் மேலே இருந்த பேப்பரை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். "மேடம், ஒரு டார்ச் கிடைக்குமா? ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க."

எங்கள் பேப்பருக்கு அடியில் கண்ணாடி போட்டிருக்கிறோம், அது எனக்கு ஞாபகம் வந்தது. அப்படியானால் இவன் எதைத் தேடுகிறான்?

மறுப்புப் பேப்பர்களில் ஒன்றை எடுத்து அதிகாரி டார்ச்சைச் சாய்த்தார். ஒரு தாமரைக் கொடி. இன்னொன்றை எடுத்தார். அதிலும் கொடி. பத்து எடுத்தார், இருபது எடுத்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். இலைக்கு இலை ஒரே இடைவெளி. கையால் செதுக்கினால் அப்படி வராது.

"இது மிஷின் அடிப்பலகை மேடம்," என்றான் எட்வின். "பேப்பரை அதுல வச்சுப் பேனாவை ஓட்டினா இப்படித்தான் வரும். சம்மதப் பேப்பரையும் பாருங்க, சுத்தமா இருக்கும்."

பார்த்தார். சுத்தமாக இருந்தது.

வடிவு என் காதருகே குனிந்தாள். "பலகை அண்ணாச்சி. போன வருசம் கொடி கோணிருச்சுன்னு கழிச்சுப் போட்டீங்கள்ல, அந்தக் கதவு. அக்கா அதைக் கட்டிலாப் போட்டிருக்கா. தரையில வச்சு எழுதினா மண்ணு ஒட்டுதுன்னு அதைத் தூக்கியாந்து ஊர்ப் பொது மந்தையில போட்டோம். ஊரே வரிசையில நின்னு அதுல வச்சுத்தான் எழுதுச்சு."

"எல்லாருமா?"

"ஒருத்தர் எழுதுறதை ஒருத்தர் பாத்தாத்தான தைரியம் வரும்."

பொன்னுத்தாய் முன்னால் வந்தாள். குள்ளமான மனுஷி. விரல் நுனிகளில் கறுத்த காய்ப்பு. "அம்மா, எங்க கையாலதான் போட்டோம். இந்தா இருக்கு கை."

"கையைக் காட்டிப் பிரயோஜனம் இல்லம்மா. வாயால சொன்னதை நான் எழுத முடியாது. எழுதினதைத்தான் பாக்க முடியும்." அதிகாரி கெட்டவரில்லை. அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது.

"அப்ப நாங்க கூடி நின்னு எழுதுனது?"

"சம்மதம் குடுத்த கைகள் எல்லாம் சரியா இருக்கு. உங்க பேர்ல யாரோ மறுப்புத் தயார் பண்ணியிருக்காங்க. அது யாருன்னு பாக்கணும்."

பார்ப்பதற்கு நெடுநேரம் ஆகவில்லை. பேப்பரும் பேனாவும் கொண்டுவந்தது யார் என்று போலீஸார் கேட்டார்கள். ஊர் கள்ளமில்லாமல் வடிவைக் காட்டியது. மந்தையில் கிடந்த கதவை எடுத்தார்கள், அதன் பின்பக்கம் என் பட்டறை முத்திரை. பட்டறைக்கு வந்து டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தார்கள். சிரிஞ்சும் ஸ்பிரிங்கும் செருப்பு ரப்பருமாக ஒரு பிடி விழுந்தது. மிஷினில் மாட்டி, கம்ப்யூட்டரில் பாதியில் நின்ற கோழியை ஓட்டிப் பார்த்தார்கள். எண்பத்தெட்டு.

என்னிடம் வந்தார்கள். பேப்பர் கொடுத்தார்கள். மிஷின் பொறுப்பு முழுக்க வடிவுடையது, பேனா மாட்டியது எனக்குத் தெரியாது, நான் மர வியாபாரி என்று பதினோரு வரி எழுதினேன். சரக்குக்கு வாங்கிய விலையை இரண்டு மடங்காகச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்கு எப்படிக் கை ஆடாதோ, அப்படி ஆடாமல் எழுதினேன். கைப்பெட்டி தொண்ணூற்றொன்று காட்டியது. வடிவு வாசலில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்ன எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை.

தை மாதம் குருவிநத்தத்தில் போர் இறங்கியது. மாசியில் கிணறு காய்ந்தது. அந்த வாரம் பொன்னுத்தாய் பட்டறைக்கு வந்தாள். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சியப் பாக்கணும் அண்ணாச்சி. ஜெயில்ல மனுப் போட்டாத்தான் விடுவாகளாம். கைப்படப் போடணும். என் கோழி இப்ப அம்பத்தி ரெண்டுதான் வருது."

"ஏன்?"

"தெரியல. வாலு போடும்போதே கை நடுங்குது. மூணு தரம் போட்டாச்சு. நீ பொன்னுத்தாய் இல்லங்கான் அந்தப் பெட்டிக்காரப் பய." மிஷினைப் பார்த்தாள். "எனக்கு ஒரு கை இங்க கெடந்துச்சாம்ல, அதைக் குடுப்பீகளா? ஒரு கோழி மட்டும் போட்டுக்கிடுதேன். அவ மூஞ்சியப் பாத்துட்டு வந்து திருப்பித் தந்துருதேன்."

அதைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டதென்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டவள் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

மறுநாள் காலை தாலுகா ஆபீசில் முதல் ஆளாக நான் நின்றேன். சம்மதப் பேப்பர் இருநூற்றுப் பதினொன்றையும் என் மிஷின்தான் எழுதியது, எழுத வைத்தது நான், மறுப்புத்தான் உண்மை, வடிவு குற்றமற்றவள் என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். பெட்டி அறுபத்தொன்று காட்டியது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். ஐம்பத்தெட்டு. மூன்றாவது அறுபத்து நாலு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பேர்ல யாரோ எழுதியிருக்காங்க தவமணி சார்."

"உங்க முன்னாலதானம்மா எழுதினேன்."

"நான் பாத்தது சாட்சி ஆகாது. உங்களோட சரியான வாக்குமூலம் ஒன்னு ஃபைல்ல இருக்கு, தொண்ணூத்தி ஒன்னு. அதுல உங்களுக்கு ஒன்னும் தெரியாதுன்னு இருக்கு."

"அது பொய்."

"இருக்கலாம். ஆனா அதுதான் நீங்க."

"மிஷினை ஓட்டிக் காட்டுதேன், வந்து பாருங்க. எந்தக் கையை வேணும்னாலும் போடும்."

அவர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மறுப்புல தடம் இருந்துச்சு, டார்ச்சுல சிக்குச்சு. தடமே இல்லாம எந்தக் கையையும் மிஷின் போடும்னு நான் எழுதினா, நாலு வருசத்துல நடந்த ஒரு பத்திரமும் நிக்காது. ஒரு கல்யாணம், ஒரு ஆபரேஷன், ஒன்னும் நிக்காது. அதை எழுதுற கை என்னோடது இல்ல சார். கைப்பதிவைப் புதுப்பிக்க உங்களுக்கு இன்னும் ஆறு வருசம் இருக்கு. அதுக்குள்ள எழுபது வந்தாக் குடுங்க, அன்னைக்கே மேலே அனுப்புறேன்."

மிஷினின் கன்ட்ரோல் பெட்டியைப் போலீஸ் கழற்றிக்கொண்டு போயிருந்தது. வேறொன்று வாங்கி மாட்டினேன். சிரிஞ்சு வாங்கினேன், ஸ்பிரிங் வாங்கினேன், என் செருப்பையே அறுத்தேன். என் கை நன்றாக ஓடிய பேப்பர் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அந்தப் பொய் வாக்குமூலத்தின் நகலைப் பணம் கட்டி வாங்கி, அதிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, உண்மையைக் கோத்து மிஷினுக்குக் கொடுத்தேன். வடிவின் விரல்களுக்குத் தெரிந்தது என் விரல்களுக்குத் தெரியவில்லை. ரப்பரை மில்லிமீட்டர் கணக்கில் சீவுகிறேன். ஸ்பிரிங்கைக் கால் சுற்று வெட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் டோக்கன் போட்டு உட்காருகிறேன். பெட்டியில் உட்காரும் பையன் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு எவ்வளவு தாத்தா?" என்கிறான்.

மற்ற கைகள் எல்லாம் அந்த அரிசிச் சாக்கு நிறைய எட்வினிடம் இருக்கின்றன. எந்த ஊர் மேசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியவில்லை.

இன்றைய தேதி வரை: பேனாப்பிடி, பதினேழு. சிரிஞ்சு, முப்பத்தொன்று. செருப்பு, நாலு ஜோடி. எழுதிய பேப்பர், நானூற்றாறு. வடிவு உள்ளே போய், நூற்று எண்பத்து மூன்று நாள். அதிகபட்சப் பொருத்தம், அறுபத்தொன்பது. பாக்கி, ஒரு சதவீதம்.